துணிக்குக் காசா, கைக்குக் காசா: சியோல் ஹன்போக், கியோட்டோ கிமோனோ வாடகைக் கடைகள்

சியோலில் கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றிய தெருக்களிலும், கியோட்டோவில் கியோமிசு கோயிலுக்கு ஏறும் சரிவுகளிலும் ஒரே தொழில் நடக்கிறது: நாட்டின் மரபு உடையை வாடகைக்கு விடுவது. உள்ளே போனால் கம்பி நிறைய உடைகள், ஆளுயரக் கண்ணாடி, பை வைக்க லாக்கர். வாடகை கட்டி உடுத்திக்கொண்டு போய், சொன்ன நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு ஊருக்கும் போகிறவர்கள் இரண்டு கடைகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள்: எது மலிவு, எதில் படம் நன்றாக விழும் என்று. அந்தத் தராசு இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டு உடைகளும் உடம்பில் நிற்கிற விதமே வேறு. கொரிய உடையான ஹன்போக் மார்பிலும் தோளிலும் இருந்து தொங்குகிறது. ஜப்பானிய உடையான கிமோனோ இடுப்பெலும்பின் மேல் கட்டிய ஒரு கயிற்றில் நிற்கிறது. ஆகவே சியோலில் நீங்கள் காசு கொடுப்பது துணிக்கும் தையலுக்கும். கியோட்டோவில் காசு கொடுப்பது உடுத்திவிடுகிற கைக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கடையைத் தேர்ந்தெடுத்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று. இரண்டு உடைகளும் முன்பக்கம் குறுக்காக மூடுபவை. இரண்டிலும் இடது பக்கத் துணி வலது பக்கத் துணிக்கு மேலே வரவேண்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு: உங்கள் வலது கை மார்பு மடிப்புக்குள் தடையில்லாமல் நுழைந்தால் சரியாக உடுத்தியிருக்கிறது. ஜப்பானில் வலது மேலே வரும்படி கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். கைபேசியின் முன்பக்கக் கேமரா சில அமைப்புகளில் இடம் வலமாக மாற்றிப் பதிவு செய்யும். அந்தப் படத்தைப் போட்டால் பார்க்கிற ஜப்பானியர் திடுக்கிடுவார். படத்தைத் திருப்பிவிட்டுப் போடுங்கள்.

இந்த வழக்கம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 719-ஆம் ஆண்டில்தான் ஜப்பானிய அரசு, மக்கள் அனைவரும் இடது துணி மேலே வரும்படி வலப்பக்கமாக மூடி உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. 1972-இல் ஜப்பானின் அசுகாவில் கண்டெடுக்கப்பட்ட தகாமட்சுசுகா கல்லறை ஓவியத்துப் பெண்கள் நீண்ட மேற்சட்டையும் பட்டை பட்டையான மடிப்புப் பாவாடையும் அணிந்திருக்கிறார்கள். பழங்கொரிய நாடான கொகுர்யோவின் சுசான்றி கல்லறைச் சுவரில் இருக்கும் கொரியப் பெண்களின் உடைக்கு அது மிக நெருங்கிய சாயல். அங்கிருந்துதான் பாதை பிரிந்தது. கொரியா மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற இரட்டை உடையை விடவில்லை. ஜப்பானில் உள்ளே போட்டுவந்த கொசோதே என்ற நீள அங்கி மெல்ல வெளியுடையாகி, இன்றைய கிமோனோ ஆயிற்று.

சியோல் கடையிலிருந்து தொடங்கலாம்.

பெண்களுக்கான ஹன்போக்கில் அடிப்படை இரண்டு உருப்படிகள்: ஜொகொரி என்னும் குட்டை மேற்சட்டை, சிமா என்னும் அகலப் பாவாடை. சிமாவின் மேல்விளிம்பில் மல்கி என்ற பட்டை இருக்கும். அது இடுப்பில் நிற்பதில்லை, மார்புக்கு மேலே கட்டப்படும். பழைய முறையில் பட்டையை இறுக்கிக் கட்டித்தான் நிறுத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோள்பட்டை வைத்த கச்சு சேர்ந்ததால் அந்த இறுக்கம் தளர்ந்தது. சிமாவுக்குள்ளே சொக்சிமா என்ற உள்பாவாடை. அந்த மொத்தக் கனமும் தோளில் ஏறுவதால் வயிறும் இடுப்பும் காற்றோட்டமாக இருக்கும். மதியச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிடலாம். இரண்டு உடைகளையும் உடுத்திப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

கம்பியில் தொங்கும் நூறு உடைகளில் எதை எடுப்பது? நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள். ஜொகொரியின் கழுத்துப் பட்டை கித். அதன் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கீற்று தொங்ஜொங். ஏறத்தாழ ஒரு விரற்கடை அகலம்தான். ஆனால் ஹன்போக்கின் மானம் முழுக்க அதில் இருக்கிறது. அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. அழுக்கானால் புதிதாக வைத்துத் தைப்பதே வழக்கம். அதன் இரண்டு முனைகளும் தொண்டைக்குழியின் கீழே ஒரே மட்டத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி நின்றால் அந்த ஜொகொரி உங்கள் மார்பளவுக்குச் சிறியது, அல்லது தோள் பின்னால் சரிந்திருக்கிறது. சிறியதென்றால் எத்தனை இழுத்தாலும் நிற்காது, அடுத்த அளவைக் கேளுங்கள். தொங்ஜொங்கில் முகப்பூச்சுக் கறை படிந்திருந்தாலோ, ஓரம் நைந்து மடங்கியிருந்தாலோ கடை உடையைக் கவனிப்பதில்லை என்று பொருள். அந்த உடையை மட்டுமல்ல, முடிந்தால் அந்தக் கடையையே விட்டுவிடலாம்.

அடுத்து கைக்கு அடியில் ஓடும் வளைவைப் பாருங்கள். பேரே என்பது அதன் பெயர். மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை மீன் வயிறுபோல மெல்லச் சரிந்து ஏற வேண்டும். மலிவு உடைகளில் அந்த வளைவை வெட்டாமல் நேர்க் குழாயாகத் தைத்துவிடுவார்கள். கையைத் தூக்கினால் உடனே தெரியும்: வளைவுள்ள கையில் துணி அலைபோல விழும், நேர்க்கையில் அக்குளில் பிடிக்கும். கையைத் தூக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜொகொரி மிகக் குட்டை என்பதால் அடியிலிருந்து சிமாவின் மல்கிப் பட்டை எட்டிப் பார்க்கும். கொஞ்சம் தெரிவது இயல்பு. கையை இறக்கிய பிறகும் தெரிந்தால் தோள்பட்டையின் நீளம் அதிகம். ஒரு ஊசியால் மடித்துக் குத்தச் சொன்னால் ஒரு நிமிட வேலை.

பெரும்பாலான கடைகளில் கொரும் எனப்படும் நாடாவைக் கட்டிவிடுவார்கள். நடக்கும்போது அவிழ்ந்தால் நீங்களே கட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாடாக்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. குட்டையை நீளத்தின் மேல் பெருக்கல் குறிபோலப் போட்டு, அதை நீளத்துக்கு அடியில் நுழைத்து மேலே உருவி ஒரு முடிச்சு. பிறகு குட்டையை வளையமாகப் பிடித்துக்கொண்டு, நீள நாடாவை மடித்து ஒரு காதுபோலச் செய்து, அந்த வளையத்துக்குள் செருகி இழுக்க வேண்டும். முடிந்ததும் ஒற்றைக் காது உங்கள் இடப்பக்கம் படுத்திருக்கும், இரண்டு வால்களும் நேராகக் கீழே தொங்கும். காது இரண்டாக இருந்தால் அது செருப்பு நாடா முடிச்சு. அரண்மனை முற்றத்தில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை அதுதான். நொரிகே என்ற குஞ்சத் தொங்கலை இந்த நாடாவிலேயே கோத்துக்கொள்ளலாம். முடிச்சுப் போடுவதற்கு முன்பே கோக்க வேண்டும்.

நிறத்துக்கும் ஒரு பேச்சு இருந்தது. மஞ்சள் ஜொகொரியும் சிவப்புச் சிமாவும் மணமாகாத பெண்ணுக்கு, பச்சை ஜொகொரியும் சிவப்புச் சிமாவும் மணமகளுக்கு. செவ்வூதா நாடா கணவன் இருப்பதையும் கையின் நுனியில் நீலப் பட்டை மகன் இருப்பதையும் சொன்னது. வாடகைக் கடையில் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஹன்போக்கின் அழகு எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது: ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறத்தை வைப்பதில். உடல் முழுக்கப் படம் வரைவது கிமோனோவின் வழி. அதனால் சியோலில் அதிக வேலைப்பாடு உள்ளதைத் தேடாதீர்கள். பூவேலை இல்லாத, நிறம் ஆழமான, துணி கனமான ஒன்று வெயிலில் எடுப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் கடைகளைப் பற்றிய பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும். அரண்மனையைச் சுற்றி வாடகைக்கு விடும் உடைகளில் பெரும்பகுதி பாலியஸ்டர் துணியில் தங்கநிற அச்சு, வலைத் துணி, சரிகை ஓரம், உள்ளே கம்பி வளையம், முதுகில் பெரிய நாடாப் பூ. சிமா என்பது உடம்பைச் சுற்றி வந்து, ஒரு ஓரம் மற்றதன் மேல் ஏறி மூடுகிற துணி. முதுகில் பூ முடிச்சு போடும் இடமே அதில் இல்லை. கம்பி வளையமும் அப்படித்தான். சிமாவின் குடை வடிவத்தை அடுக்கடுக்கான உள்பாவாடைகள்தான் தந்தன. சியோலின் ஜொங்னோ வட்டாரத்தில் இதுபற்றி 2018-இலேயே விவாதம் எழுந்தது. 2024 மே மாதத்தில் கொரிய அரசின் பாரம்பரியத் துறைத் தலைவரே இந்த உடைகளைத் திருத்த வேண்டும் என்று பேசினார். 2022-இல் ஹன்போக் உடுத்தும் வாழ்க்கைமுறையைத் தேசிய மரபாக அறிவித்த நாட்டில், அந்த மரபின் முகமாக வலைத்துணிப் பாவாடை நிற்பது வருத்தமானதுதான்.

நல்ல செய்தி, அதே கடைகளில் மரபான வகையும் இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். "ஜொந்தொங் ஹன்போக்" என்று கேளுங்கள். மரபு ஹன்போக் என்பதே அதன் பொருள். இரண்டு மணி நேரத்துக்கு 10,000 முதல் 20,000 வொன் என்பது அடிப்படை உடைகளின் விலை. நல்ல துணி, முழு நாள் என்றால் 30,000, 40,000 வரை போகும். அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது முற்றிலும் தகும். சியோலில் நீங்கள் வாங்குவது துணியைத்தான் என்றால், அதில் மிச்சம் பிடிப்பது கணக்கில் பொருந்தாது. கம்பி வளையத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சாதாரண உள்பாவாடை கேளுங்கள். வளையம் வைத்த பாவாடையோடு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தால் முன்பக்கக் கம்பி அப்படியே மேலே எழும்பிவிடும்.

நீளத்திலும் கவனம் வேண்டும். கம்பியில் அழகாகத் தெரிவதெல்லாம் தரையைத் துடைக்கும் நீளம். கியோங்போக்குங்கின் முற்றங்கள் பருமணலும் கருங்கல்லும். கொலுமண்டபமான கன்ஜொங்ஜொன் முன்னால் பரப்பியிருக்கும் கற்கள் வேண்டுமென்றே கரடுமுரடாக விடப்பட்டவை. வாயிற்படிக் கட்டைகள் உயரம். போட்டிருக்கும் செருப்போடு நின்று பார்த்து, விளிம்பு தரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கும் சிமாவை எடுங்கள். சொந்தக் காலணியே போதும், சிமா மூடிக்கொள்ளும். படி ஏறும்போது முன்பக்கத் துணியை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது பின்னால் வருபவர் மிதிக்காமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை.

ஆண்களுக்கு இந்தக் கடைகள் குறைவாகவே அக்கறை காட்டுகின்றன. பாஜி என்ற தொளதொளக் கால்சட்டை, ஜொகொரி, மேலே துருமகி என்ற நீள அங்கி, தலையில் குதிரைமயிரில் பின்னிய கத் தொப்பி என்பது ஒரு படித்த மனிதரின் உடை. ஆனால் முன்வரிசையில் தொங்குவது அரசரின் சிவப்பு கொல்லியோங்போ. மார்பில் டிராகன் பதக்கம் வைத்தது. அரசருக்கு ஐந்து நகம், பட்டத்து இளவரசருக்கு நான்கு என்று அந்த டிராகனின் கால்களுக்குக் கூட வரிசை இருந்தது. அதைப் போட்டால் தலையில் இக்சொன்க்வான் என்ற அரச முடி வேண்டும். அரச அங்கியோடு கத் தொப்பியைத் தலையில் வைத்து அனுப்பும் கடைகள் உண்டு. அது பொருந்தாச் சேர்க்கை. கால்சட்டையின் அடியைக் கட்டும் தெனிம் நாடாவையும் கேட்டு வாங்குங்கள். துணியைக் கணுக்காலில் மடித்து, நாடாவைச் சுற்றி, உட்பக்கக் கணுவில் முடிச்சிட வேண்டும். இழுபட்டை வைத்துத் தைத்த கால்சட்டையில் அந்த மடிப்பு வராது, பைஜாமா போலத்தான் தெரியும்.

இனி கியோட்டோ.

கிமோனோவை எடுத்துத் தரையில் விரித்தால் திகைப்பாக இருக்கும். எல்லாம் நேர்க்கோடு. சுமார் 37 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளை எட்டுத் துண்டாக நேராக வெட்டித் தைத்தது: உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்விளிம்புக்கு இரண்டு, கழுத்துக்கு இரண்டு. துணி வீணாவதில்லை. பிரித்தால் மறுபடி ஒரே சுருளாகத் தைத்துவிடலாம், பட்டு கிமோனோவை அப்படிப் பிரித்துத்தான் அலசினார்கள். ஹன்போக்கின் வளைவு கத்தரியில் பிறக்கிறது. கிமோனோவில் கத்தரி எதையும் தீர்மானிப்பதில்லை, உடுத்துகிறவரின் கைதான் தீர்மானிக்கிறது. ஒரே கிமோனோவை இரண்டு பேர் உடுத்திவிட்டால் இரண்டு உடையாகத் தெரியும்.

அதனால் கியோட்டோ கடையை மதிப்பிட, உடுத்திவிடும் அறையில் நடப்பதைக் கவனியுங்கள். நல்ல கை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால் மோசமான கை தானே தெரிந்துவிடும்.

முதலில் உள்ளாடை, அதன் மேல் நாகாஜுபான் என்ற உள்ளங்கி. அப்போதே கழுத்து தீர்மானமாகிவிடும். கிமோனோவில் கழுத்துப் பட்டை பிடரியில் ஒட்டக்கூடாது. ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்குப் பின்னால் இறங்கி நிற்க வேண்டும். ஹன்போக் பிடரியை மூடி அணைக்கிறது, கிமோனோ பிடரியைத் திறந்து காட்டுகிறது. இரண்டு உடைகளையும் தூரத்திலிருந்தே பிரித்தறிய இதுவே போதும். சியோலில் பின்னலைத் தொங்கவிட்டு நுனியில் தெங்கி நாடா கட்டுவதும், கியோட்டோவில் கூந்தலைத் தூக்கி முடிவதும் இதனால்தான். கியோட்டோவில் தலை அலங்காரத்துக்குத் தனியாகக் கேட்கும் 500 முதல் 1,500 யென்னை மிச்சம் பிடிக்க நினைத்தால், வீட்டிலேயே கொண்டை போட்டுக்கொண்டு போங்கள். விரித்த கூந்தல் கழுத்துப் பட்டையில் உராய்ந்து அதன் நிலையைக் கெடுக்கும்.

பிறகு கிமோனோ. கிமோனோவின் நீளம் ஏறத்தாழ உடுத்துபவரின் உயரம் இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தால் சமாளிக்கலாம். உடுத்திவிடுபவர் வலது பக்கத்தை உள்ளே சுற்றி, இடது பக்கத்தை மேலே கொண்டுவருவார். மேல் ஓரம் வலது இடுப்பின் பக்கவாட்டுத் தையல் வரை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் நடக்கும்போது விலகும். இடுப்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவர்கள் முன்பதிவின்போதே அகல அளவு இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. சிமாவில் இந்தத் தொல்லை இல்லை, அது யாரையும் சுற்றி வந்துவிடும். விளிம்பு பாதத்தின் மேற்புறத்தைத் தொட, ஓரம் மட்டும் சற்றே உயர்ந்து, கீழே போகப்போகக் குறுகலாக விழ வேண்டும்.

இப்போது கோஷிஹிமோ. சாதாரணத் துணிக் கயிறு. இடுப்பெலும்பின் மேல் இது ஒன்றுதான் இறுக்கமாக இருக்க வேண்டிய கட்டு. கிமோனோ முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. உபரி நீளத்தை இதற்கு மேலாக இழுத்து மடித்து விடுவதே ஓஹாஷோரி. ஓபி என்ற அகல இடுப்புப் பட்டையின் அடியில் ஒரு கை அகலத்துக்கு நேர்க்கோடாக அந்த மடிப்புத் தெரியும். அதில் சுருக்கமோ புடைப்போ இருந்தால் அவசரக் கை. நல்ல கை, அக்குளுக்குக் கீழே பெண்கள் கிமோனோவில் மட்டும் விட்டிருக்கும் திறப்புக்குள் கையை விட்டு, உள்மடிப்பை முன்னும் பின்னும் நீவிவிடும். ஆண்கள் கிமோனோவில் அந்த மடிப்பும் இல்லை, திறப்பும் இல்லை. நீளம் சரியாகப் பொருந்தியே ஆக வேண்டும்.

மூச்சுத் திணறுகிறது, சாப்பிட முடியவில்லை என்று கிமோனோ வாடகையைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே பிழையால் வருபவை: இடுப்பில் இறுக்க வேண்டியதைத் தளர்த்திவிட்டு, மார்புக்குக் கீழே உள்ள கட்டை இறுக்குவது. கட்டும்போதே ஆழமாக மூச்சை இழுத்துப் பிடியுங்கள். மார்புக் கட்டு உறுத்தினால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். வெளியே போய் அதைத் தளர்த்த ஓபியைப் பிரிக்க வேண்டியிருக்கும். மெலிந்த இடுப்புக்காரர்களுக்குத் துண்டை மடித்து வைத்துச் சுற்றுவார்கள். கிமோனோவுக்கு உடம்பு உருளைபோல இருந்தால்தான் துணி மடங்காது. துண்டே வைக்காமல் வளைந்த இடுப்பில் ஓபி கட்டினால் ஒரு மணி நேரத்தில் அது கீழே சரியும்.

ஓபி பற்றி நிறைய எழுதலாம். வாடகைக்கு வருகிறவருக்குத் தேவையானது கொஞ்சம்தான். மலிவுத் திட்டத்தில் தருவது 15, 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஹான்ஹபா ஓபி, முதுகில் பூப்போல முடிவது. 31 சென்டிமீட்டர் அகலமும் நாலு மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள ஃபுகுரோ ஓபி விசேஷ உடைகளுக்கு. முன்கூட்டியே முடிந்துவைத்த ஓபியைச் செருகிவிடும் கடைகளைச் சிலர் குறை சொல்வார்கள். ஒரு நாள் நடைக்கு அது குறையில்லை. கழுத்தும் விளிம்பும் ஒழுங்காக இருந்தால் போதும். அண்மையில் பரவியிருக்கும் சரிகைவலை கிமோனோவைத்தான் தவிர்க்கச் சொல்வேன். வலைத்துணிக்கு எடை இல்லை, நேராக விழாது.

முழுதாக உடுத்தி முடிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டால் யுகாத்தா என்ற எளிய கோடை உடையைக் கட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் எதையோ விட்டுவிட்டார்கள். மாறாக, ஹன்போக்குக்குப் பத்து நிமிடம் தாராளம். அடிப்படைக் கிமோனோத் திட்டம் 3,000 முதல் 6,000 யென் வரை. நீளக்கை ஃபுரிசோதே 10,000-க்கு மேலே. நீளமான வகையில் கை மட்டும் ஒரு மீட்டரைத் தாண்டித் தொங்கும் உடை அது, சரிவுகளில் ஏறி இறங்க ஏற்றதில்லை. கூடுதல் காசை அதில் போடாமல், ஒருவருக்கு ஒருவர் என்று நிதானமாக உடுத்திவிடும் கடையில் போடுங்கள்.

புடவைக் கொசுவம் நழுவினால் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவோம். கிமோனோவுக்கும் தெருவில் செய்யக்கூடிய மூன்று வைத்தியம் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிடரிப் பட்டை முன்னேறி ஒட்டிக்கொண்டால், முதுகில் ஓபிக்குக் கீழே உள்ள மடிப்பைத் தூக்கி, அதன் அடியில் முதுகு நடுத்தையலைக் கீழ்நோக்கி இழுத்தால் பட்டை பின்னுக்குப் போகும். மார்பு தளர்ந்தால், மேலே உள்ள இடப்பக்கப் பட்டையை ஓஹாஷோரியின் அடியில் பிடித்து இழுக்கலாம். உள்ளே உள்ள வலப்பக்கப் பட்டைக்கு இடது அக்குள் திறப்பில் கைவிட்டு இழுக்க வேண்டும். விளிம்பு இறங்கிவிட்டால், மடிப்புக்கு அடியிலிருந்து துணியைக் கோஷிஹிமோவுக்குள் மேல்நோக்கிச் செருகிவிடுங்கள்.

நடை, உட்காருதல், கழிப்பறை மூன்றிலும் இரண்டு உடைகளும் எதிரெதிர். ஹன்போக்கில் எவ்வளவு அகலமாகவும் அடி வைக்கலாம். ஒரு முழங்காலை உயர்த்தித் தரையில் உட்காரும் கொரியப் பழக்கத்துக்கு ஏற்றபடி சிமா எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். கிமோனோவில் முட்டி சேர்ந்து, அடி குறுகி நடக்க வேண்டும். கியோமிசு கோயில் பக்கத்துச் சரிவான சன்னென்சாக்காவின் 46 படிகளில் வலது கையால் முன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் மிதிபடாது. டாக்சியில் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே திருப்ப வேண்டும். முதுகைச் சாய்த்தால் ஓபி நசுங்கும். கழிப்பறையில் கிமோனோ, உள்ளங்கி, உள்பாவாடை என்று ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி, துணிக்கிளிப்பால் ஓபியில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கிளிப் பையில் இருக்கட்டும். சிமாவை மொத்தமாக அள்ளி முன்னால் அணைத்துக்கொண்டால் முடிந்தது.

செருப்பு தனிக்கதை. கிமோனோவோடு போடும் ஸோரி செருப்பில் குதிகால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுதான் சரியான அளவு. பெரியது கேட்டு வாங்காதீர்கள். கிளம்புவதற்கு முன் வார்களை விரலால் இழுத்துத் தளர்த்தி, விரலிடுக்கின் ஆழம் வரை நுழைக்காமல் சற்று முன்னாலேயே கால் வைத்தால் கொப்புளம் வராது.

பருவத்தையும் பாருங்கள். கிமோனோவில் அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் ஒற்றைத்துணி, ஜூலை ஆகஸ்டில் கண்ணறைத் துணி என்பது மரபு. வாடகைப் பாலியஸ்டர் இதில் எதையும் காப்பாற்றாது. கியோட்டோவின் ஆகஸ்டு வெக்கையில் பருத்தி யுகாத்தாவைத் தவிர வேறு எதையும் எடுக்க வேண்டாம். கொரியாவில் கோடைக்கு மொசி என்னும் செடிநார் நுண்துணி இருக்கிறது, ஹன்சான் ஊரின் மொசி நெசவு 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வாடகைக் கடையில் அது கிடைப்பது அரிது. சியோலின் ஜனவரியில் ஹன்போக்குக்குள் வெப்ப உள்ளாடை போட்டுக்கொள்ள இடம் ஏராளம். கிமோனோவில் கழுத்தும் பிடரியும் திறந்திருப்பதால் அகலக் கழுத்து வைத்த உள்ளாடை வேண்டும்.

இனி, உடையைப் போட்டுக்கொண்டு எங்கே போவது. ஹன்போக் உடுத்தினால் கியோங்போக்குங், சாங்தொக்குங், சாங்கியோங்குங், தொக்சுகுங், ஜோங்மியோ ஐந்துக்கும் நுழைவு இலவசம். கியோங்போக்குங்கில் பெரியவர்களுக்கு 3,000 வொன் மிச்சம். மேலும் கீழும் இரண்டும் அணிந்திருக்க வேண்டும். ஜீன்ஸின் மேல் ஜொகொரி போட்டால் செல்லாது. பெண்கள் பாவாடை, ஆண்கள் கால்சட்டை என்ற பழைய கட்டாயம் 2019 ஜூலையில் நீங்கியது. கியோங்போக்குங் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், சாங்தொக்குங் திங்கட்கிழமை. இது தெரியாமல் உடையோடு வாசலில் நிற்பவர்கள் வாரந்தோறும் உண்டு. கியோங்போக்குங்கில் காவலர் மாறும் நிகழ்ச்சி 10 மணிக்கும் 2 மணிக்கும். புக்சோன் வீட்டுத் தெருக்களின் நெரிசலான பகுதிக்குள் மாலை 5 முதல் காலை 10 வரை சுற்றுலாப் பயணிகள் நுழைந்தால் 100,000 வொன் அபராதம், ஆகவே அரண்மனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், புக்சோனை முன்னால் முடித்துவிடுங்கள். கியோட்டோவில் இப்படி ஒட்டுமொத்த இலவசம் எதுவும் இல்லை. அங்கே கியோன் வட்டாரத்தின் தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை. மீறினால் 10,000 யென்.

இரண்டு ஊரிலும் திருப்பித் தரும் நேரத்தில்தான் தகராறு வருகிறது. சியோலில் "இரண்டு மணி நேரம்" என்பது கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்தா, உடையைத் தேர்ந்தெடுத்ததிலிருந்தா என்று முதலிலேயே கேளுங்கள். தாமதக் கட்டணத்தைப் பல கடைகள் நிமிடக் கணக்கில் போடுகின்றன. சுற்றிப் பார்க்க நான்கு மணி நேரத் திட்டமே சரி. கியோட்டோவில் பெரும்பாலான கடைகள் 5, 6 மணிக்குள் கேட்கும். மறுநாள் தருவதற்குக் கூடுதலாக 1,000 யென் அளவில் ஆகும். கறைக் காப்புக்குச் சில நூறு யென் தனியாக வாங்குவார்கள். பச்சைத்தேயிலைப் பனிக்கூழை நக்கிக்கொண்டு சரிவில் நடக்கப் போகிறீர்கள் என்றால் அதைக் கட்டிவிடுவது நல்லது. கடையில் கழற்றும்போது கயிறுகளையும் கிளிப்புகளையும் எண்ணிக் கொடுங்கள். கோஷிஹிமோ ஒன்று குறைந்தாலும் அடுத்து வருபவருக்கு உடை நிற்காது.